வேட்டை நேரத்துக்குப் பின் ஆயுதம் கொண்டுசெல்லல் (மிச்சிகன்)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்தில் மான் வேட்டைக்குரிய நேரம் சூரியோதயத்துக்கு அரைமணி முன்னே தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரைமணி பின்னே முடிகிறது. வாத்து வேட்டையோ அஸ்தமனத்தோடே நின்றுவிடும். விடியுமுன் பரண் சேரவும் இருட்டியபின் வீடு திரும்பவும் வேண்டிய வேட்டைக்காரன் தன் ஆயுதத்தைக் காட்டிலேயே விட்டுவர இயலாதாகையால், அதனைக் கையோடு கொண்டுசெல்ல இடந்தரும் விதி, துப்பாக்கிக் குழலில் தோட்டா இருத்தலாகாதென்றும், அம்புகள் யாவும் அம்பறாத்தூணியில் அடங்கியிருத்தல் வேண்டுமென்றும் நிபந்தனை விதிக்கிறது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழையவகைத் துப்பாக்கியைச் சுடாமல் காலிசெய்வது எளிதன்று; ஆதலின் அதன் மருந்தைப் பற்றவைக்கும் சிறு தொப்பியை (கேப்) கழற்றிவிட்டாலே வெறுந்துப்பாக்கியாகக் கொள்வது, சட்டத்தில் அபூர்வமாகவே காணக்கிடைக்கும் அனுபவ விவேகம். வண்டியில் ஏற்றும்போது இவற்றினும் கடுமையான விதிகள் உண்டு.