சமூகப்பணியில் பன்னாட்டு ஒத்துழைப்பு

சமூகப்பணியாளர்களும் அவர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளிகளும் நல அமைப்புகளும் நாட்டெல்லை கடந்து கூடிச் செயல்படுவது சமூகப்பணியில் பன்னாட்டு ஒத்துழைப்பு எனப்படும். 1928 ஜூலையில் பாரிசில் நடந்த பன்னாட்டுச் சமூகப்பணி மாநாடு இதற்குக் கால்கோள். அதை முன்னின்று கூட்டியவர் பெல்ஜிய மருத்துவர் ரெனே சாண்ட். பணியாளர்களின் கூட்டமைப்பு, பள்ளிகளின் சங்கம், சமூகநல மன்றம் என இன்றுள்ள மூன்று உலக அமைப்புகளின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் நாட்டுக்கு நாடு கற்றுக்கொள்ளும் வழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. லண்டன் ஏழைகள் நடுவே படித்தவர்கள் குடியிருந்து உழைத்த டாயின்பீ ஹாலைப் பார்த்துத் திரும்பிய ஜேன் ஆடம்ஸ், தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். அங்கே தங்கியிருந்தவர்கள் சுற்றுப்புறத்தைப் பற்றி 1895இல் ஒரு நூல் வெளியிட்டனர். அதிலுள்ள ஒரு வரைபடத்தில் எந்த வீட்டில் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது வண்ணத்தில் தெரியும், இன்னொன்றில் வாரக்கூலி. கதவு கதவாகத் தட்டிக் கேட்ட விவரம் அது. நூறு மனுக்களைவிட அந்த வண்ணங்கள் அழுத்தமாகப் பேசின என்றே சொல்லலாம்.

பெர்லினில் 1908இல் பெண்களுக்கான சமூகப்பணிப் பள்ளியை நிறுவிய ஆலிஸ் சாலமன், 1929இல் பள்ளிகளின் பன்னாட்டுக் குழுவுக்கு முதல் தலைவரானார். யூதக் குடும்பத்தில் பிறந்த அவரை 1937இல் நாஜி அரசு நாட்டைவிட்டு வெளியேற்றியது. 1948இல் நியூயார்க்கில் இறந்தார்.

இந்தியாவில் தொழில்முறைக் கல்வி 1936இல் பம்பாயில் தொடங்கிய தொராப்ஜி டாட்டா பள்ளியோடு பிறந்தது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் ஓர் அமெரிக்கர். பாரிஸ், பிராங்பர்ட், லண்டன் என்று மேற்கிலேயே சுற்றிவந்த பன்னாட்டுச் சமூகப்பணி மாநாடு 1952 டிசம்பரில் சென்னைக்கு வந்தது. மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவியதும் அதே ஆண்டில்தான்.

ஆயினும் நெடுங்காலம் ஒத்துழைப்பு ஒருவழிப் பாதையாகவே இருந்தது. பாடநூலும் முறையும் மேற்கிலிருந்து வந்தன. குடும்பம், சாதி, கடன் என்று சிக்கிக்கிடக்கும் ஊரில் தனிநபரை மட்டும் பிரித்து எடுத்து ஆராயும் அமெரிக்க முறை அப்படியே பொருந்தவில்லை. 1995இல் கோபன்ஹேகனில் நடந்த சமூக வளர்ச்சிக்கான உலக உச்சிமாநாடு வறுமை ஒழிப்பு, வேலைவாய்ப்பு, சமூக ஒருங்கிணைப்பு ஆகியவற்றை முன்வைத்தபின் பார்வை விரிந்தது. 2014இல் மெல்போர்னில் ஏற்கப்பட்ட சமூகப்பணியின் உலக வரையறை, சமூக நீதியோடு கூட்டுப்பொறுப்பையும் தொல்குடியினரின் அறிவையும் தொழிலின் அடிப்படைகளாகச் சேர்த்துக்கொண்டது. அதை அந்தந்த நாடும் வட்டாரமும் தங்கள் நிலைக்கேற்ப விரித்து எழுதிக்கொள்ளலாம்.