சிலேந்திரோ, பேலோக்: சுருதியமைப்புகளின் பெயர் வழக்கு

சிலேந்திரோவும் பேலோகும் ஜாவாவின் கமெலான் (வெண்கலத் தாளக்கருவித் தொகுதி) இசையின் இரு சுருதியமைப்புகள். சிலேந்திரோவில் ஐந்து சுரங்கள், பேலோகில் ஏழு. மின்னணு இசைக்கருவிகளிலும் மென்பொருள்களிலும் இப்பெயர்கள் ஒரே ஒரு நிலையான சுர அளவுக்கு இடப்படுவதுண்டு. அது பொருந்தாது.

1885இல் அலெக்சாண்டர் எல்லிஸ் வெளியிட்ட ஆய்வு, 1200 சென்ட் (சுர இடைவெளியின் அலகு) கொண்ட ஒரு ஸ்தாயியைச் சிலேந்திரோ ஏறக்குறைய 240 சென்ட் வீதம் ஐந்து சம பங்காக்குவதாகக் கூறியது. ஸ்தாயியைச் சரிசமமாக ஐந்தாகப் பிரிக்கும் கணித அமைப்பைச் சிலேந்திரோ என்றே அழைக்கும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஜாவாவில் எந்த இரு கமெலான் தொகுதிகளும் ஒரே சுருதியில் அமைவதில்லை. கமெலான் கருவியின் வெண்கலப் பட்டையில் நடுப்பகுதியைச் சுரண்டினால் சுருதி இறங்கும், முனைகளைச் சுரண்டினால் ஏறும். கைவினைஞர் செவியை நம்பியே இதைச் செய்கிறார். அப்படிப் பிறக்கும் தனிச்சாயலை ஜாவானியர் 'எம்பாத்' என்பர்.

மதிப்புமிக்க தொகுதிகளுக்கு ஆளைப்போலவே மரியாதைப் பெயரும் உண்டு: யோக்யகர்த்தா அரண்மனையின் செகாதென் விழாத் தொகுதிகள் கியாய் குந்தூர் மாடு, கியாய் நாக விலாகா. ஜாவாவுக்கு வெளியிலும் இவ்வழக்கு உண்டு: அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன், வில்லியம் கோல்விக்குடன் உருவாக்கிய தொகுதிகளுள் ஒன்று 'சி பெட்டி'. அதன் சுருதிகள் எளிய எண் விகிதங்களால் ஆனவை.

ஆகவே ஒரு கமெலானிலிருந்து அளந்து எடுத்த சுருதிக்கு மூலத் தொகுதியின் பெயரையும் ஊரையும் சேர்த்துக் குறிப்பதே நேர்மை. சொந்தமாகக் கணக்கிட்டு அமைத்ததை, எவ்வளவு நெருங்கி ஒலித்தாலும், 'சிலேந்திரோ சார்ந்தது' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.