நீரிழிவும் கண்ணொளியும்



‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?’ என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. காலம் கடந்து செய்யும் காரியத்தைக் குறிக்க எழுந்த பழமொழி இது. ஒரு நோயைப் பொறுத்தவரையில் இது வெறும் பழமொழியாக நில்லாமல் சொன்னபடியே நடந்துவிடுகிறது. அந்நோய் நீரிழிவு. தோட்டப்புறங்களில் நாம் இதனை ‘இனிப்பு நீர்’ என்கிறோம்.

பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட வரும் பாட்டி, படிக்கட்டைக் காலால் தடவிப் பார்த்து ஏறுவதை நாம் கண்டிருக்கிறோம். கேட்டால், “வயசாயிருச்சு வாத்தியாரே, கண்ணு மங்கத்தானே செய்யும்?” என்பார். வயது காரணமாக இருக்கலாம். பல ஆண்டுகளாக உடம்பில் இருந்துவரும் இனிப்பு நீரும் காரணமாக இருக்கலாம். நீரிழிவு கண்ணைக் கெடுக்கும் என்பதை ஐயமற ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகத்துக்கே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நாம் செய்ய வேண்டியது என்ன என்பதும் விளங்கிவிடும்.

நீரிழிவு மிகப் பழைய நோய். நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்ட பாரத நாட்டு மருத்துவர்கள் இதற்கு ‘மதுமேகம்’ என்று பெயரிட்டனர். ஆனால் உயிரோடிருக்கும் மனிதனின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை அன்று எவரும் பார்த்ததில்லை. கண்ணின் கருமணி இருண்ட கிணறு போலவே இருந்து வந்தது.

1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி அதன் பின்சுவரைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். அந்தப் பின்சுவர்தான் விழித்திரை. பழைய புகைப்படக் கருவியில் பிலிம் இருந்த இடத்தைக் கண்ணில் வகிப்பது இதுவே. சில ஆண்டுகளுக்குள், வியன்னா நகரத்து மருத்துவர் எட்வர்ட் யேகர், ஒரு நீரிழிவு நோயாளியின் விழித்திரையில் மஞ்சள் திட்டுகளையும் இரத்தக் கசிவையும் கண்டு எழுதினார். அக்காலத்துப் பெருமருத்துவர்கள் சிலர் அதனை ஒப்பவில்லை. ‘இது முதுமையால் வந்தது, இரத்த அழுத்தத்தால் வந்தது’ என்ற வாதம் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. நம் பாட்டி சொல்லும் அதே காரணத்தைத்தான் அன்றைய பேராசிரியர்களும் சொன்னார்கள்!

உண்மையில் நடப்பது என்ன? லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நாளாக ஆக அது சில இடங்களில் கசிகிறது. சில இடங்களில் அடைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், விழித்திரையிலுள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களுக்கும் இதே கதி நேர்கிறது. கசிந்த நீர், கூர்மையான பார்வைக்குரிய நடுப்பகுதியில் தேங்கினால் எழுத்து மங்குகிறது. குழாய்கள் அடைபட்டால், இரத்தம் கிடைக்காத விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை வலுவற்றவை. ஒருநாள் அவை வெடித்து, கண்ணுக்குள் இரத்தம் நிறைந்துவிடும். அதுவரையில் வலியும் இல்லை. பார்வைக்குக் குறையும் தெரியாமல் இருக்கலாம். இந்நோயின் கொடுமையே அதுதான்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன், கடுமையான நீரிழிவு கண்ட சிறுவர்கள் ஓரிரு ஆண்டுகளில் மெலிந்து இறந்துபோவர். இன்சுலின் அவர்களுக்கு உயிர் கொடுத்தது. அதனைக் கண்டளித்தமைக்காக 1923இல் பேண்டிங், மக்லவுட் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு புதுத் துன்பம் தலைகாட்டியது. பிழைத்து வளர்ந்தவர்களில் பலர் இளமையிலேயே பார்வை இழந்தனர். முன்பு கண் கெடும் அளவுக்கு அவர்கள் வாழ்ந்ததே இல்லை!

அடுத்த முப்பது ஆண்டுகள் மருத்துவர்கள் கையைப் பிசைந்து நின்ற காலம். 1953இல் டென்மார்க்கில், பிரசவத்தின்போது பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்த ஒரு பெண்ணின் கண் நோய் தணிந்ததாக அறிவிக்கப்பட்டது. மூளையின் அடியிலுள்ள அச்சுரப்பியை அகற்றும் பெரும் அறுவைச் சிகிச்சைக்குக்கூட நோயாளிகள் பலர் துணிந்தனர். கண்ணொளிக்காக உயிரையே பணயம் வைத்தார்கள் என்றால், பார்வையின் அருமையை நாம் உணர வேண்டும்.

வழி வேறொரு திசையிலிருந்து பிறந்தது. 1945 ஜூலையில் ஐரோப்பாவில் சூரிய கிரகணம் தெரிந்தது. அதனை வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரையில் சுட்ட தழும்பு ஏற்பட்டதை, கேர்ட் மேயர் ஷ்விக்கராத் என்னும் ஜெர்மானிய மருத்துவர் கவனித்தார். கெடுக்கும் வெப்பத்தை அளவோடு பயன்படுத்தினால் அதுவே மருந்தாகாதா என்று எண்ணினார். 1949இல் ஹாம்பர்க் நகரில் சூரிய ஒளியையே கருவியால் கண்ணுக்குள் செலுத்தி, விழித்திரை நோய்க்குச் சிகிச்சை செய்தார். பின்னர் சூரியனின் இடத்தைச் செனான் விளக்கு பிடித்தது. 1960இல் லேசர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அந்தக் கதிர் நீரிழிவுக் கண் நோய்க்கும் கருவியாயிற்று.

ஆயினும், சுடுவதால் நன்மையா தீமையா என்பதை நிலைநாட்ட வேண்டியிருந்தது. 1970களில் அமெரிக்காவில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் ஓர் ஆய்வுக்கு உடன்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒளிச் சிகிச்சை. மறு கண் அப்படியே விடப்பட்டது. எந்தக் கண் பிழைக்கும் என்று எவருக்கும் தெரியாது. 1976இல் முடிவு வெளிவந்தது. சிகிச்சை பெற்ற கண்களில் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. உடனே, ஆபத்து மிகுந்த மறு கண்களுக்கும் சிகிச்சை அளிக்கலாம் என்று முடிவு செய்யப்பட்டது. இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கும் சிகிச்சை, அவர்கள் துணிந்து ஒப்படைத்த கண்களால் கிடைத்தது.

லேசருக்கும் ஓர் எல்லை உண்டு. அது இருக்கும் பார்வையைக் காக்கும். இழந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்டுத் தராது. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் சற்றுக் குறையவும் கூடும். பிற்காலத்தில் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகள் வந்து, நடுப்பகுதி வீக்கத்தைக் குறைத்துப் பலருக்கு எழுத்தை மீண்டும் தெளிவாக்கியுள்ளன. ஆனால் எந்தச் சிகிச்சையும் காலத்தோடு செய்தால்தான் முழுப்பயன் தரும்.

நோயே வராமல் தடுக்க இயலுமா? 1993இல், இன்சுலினின்றி வாழ இயலாத 1,441 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியிடப்பட்டது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியபோது, கண் நோய் இல்லாதிருந்தவர்களுக்கு அது தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. 1998இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு, இரத்த அழுத்தத்தை அடக்கினாலும் கண் நோய் முற்றுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும் எனக் காட்டியது.

இங்கிலாந்து 2003 முதல், நீரிழிவு உள்ளவர்களை அழைத்து விழித்திரையைப் படமெடுக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2009-10ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணம் என்ற இடத்திலிருந்து நீரிழிவுக் கண் நோய் இறங்கிவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை. நோயாளி வந்து முறையிடும்வரை காத்திராமல், முன்கூட்டியே கண்ணுக்குள் பார்த்ததும், நோயையும் நன்கு கட்டுப்படுத்தியதும் இதற்குப் பெரிதும் உதவின.

நம் நிலை என்ன? மலேசியாவில் 2015ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 17.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 22.1 விழுக்காடு, அதாவது ஐவரில் ஒருவருக்கும் மேல். சிங்கப்பூரில் 2010இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், பலதுறை மருந்தகங்களில் விழித்திரை படமெடுக்கப்படுகிறது. மலேசியாவிலும் பல அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் இவ்வசதி உண்டு. வசதி இருந்தும் நாம் போகவில்லையென்றால் குறை யாருடையது?

ஆகவே நேயர்களே, இனிப்பு நீர் என்று தெரிந்ததும் கண்ணையும் காட்டுங்கள். பிறகு ஆண்டுக்கொரு முறையேனும், மருத்துவர் சொன்னால் அதற்கும் விரைவாகவும் காட்டுங்கள். நீரிழிவு உள்ள பெண்கள் கருவுற்றதும் கண்ணைக் காட்டுதல் அவசியம். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கறுப்புப் புள்ளிகள் திடீரென்று மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வையுங்கள். புகைப்பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

‘நன்றாகத்தானே தெரிகிறது, எதற்குப் போக வேண்டும்?’ என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நன்றாகத் தெரியும்போதே போக வேண்டும் என்பதுதான் இந்த நெடிய வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம். அந்தப் பாட்டியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.