ஈரம் கண்ட கரிசலில் நூற்புழுவின் குடல்

நூற்புழு என்றால் எங்கள் புதூர்ச் சம்சாரிகளுக்கு மிளகாய் வேரில் விழும் முடிச்சுதான் நினைவுக்கு வரும். பயிர்ப்பக்கமே போகாமல் பாக்டீரியாவைத் தின்று மண்ணுக்குள் வாழும் நூற்புழுக்கள் ஏராளம். கோடையில் பல வகைகள் உடம்பு நீர் வற்றிச் சுருண்டு கிடக்கும். ஈரம் பட்டால் நெளியத் தொடங்கும்.

விலங்கியல் வாத்தியாராக இருந்தபோது, புரட்டாசி மழையில் கரிசல் வெடிப்பு மூடியதும் ஒரு பிடி மண் எடுத்து வருவேன். துணியில் பொதிந்து புனல் தண்ணீரில் அமிழ்த்தி, அடிக்குழாயைக் கிளிப்பால் இறுக்கி வைத்தால், விடிவதற்குள் புழுக்கள் அடியில் வந்து சேரும். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய மருத்துவர் பேர்மன் 1917இல் எழுதிய முறை இது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்களை மண்ணிலிருந்து பிரிக்க அவர் செய்த ஏற்பாடு.

மைக்ராஸ்கோப்பில் முதலில் குடலைத்தான் பார்ப்பேன். கண்ணாடி போன்ற உடம்புக்குள் அது மட்டும் மணிமணியாக இருண்டிருக்கும். சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. டோரிலைமிடா என்னும் வரிசையைச் சேர்ந்த புழுக்களுக்கு வாயில் ஈட்டி இருக்கும். அவற்றின் குடலின் கடைசியில், மலக்குடலுக்கு முன்பாகத் தனியே ஒரு பகுதி பிரிந்து தெரியும்.

இந்த வேறுபாடுகளை ஒழுங்குபடுத்தியவர்கள் அமெரிக்காவின் சிட்வுட் தம்பதியர். 1937இல் வெளிவரத் தொடங்கிய அவர்களது நூல், குடல் செல்கள் சிலவா, பலவா, எண்ணற்றவையா என்று புழுக்களை வகைப்படுத்தியது. 1983இல் ஜான் சல்ஸ்டனும் கூட்டாளிகளும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழுவின் கருவளர்ச்சியைச் செல் செல்லாகத் தொடர்ந்து பதிந்தார்கள். அதன் குடலில் 20 செல்கள். முதல் வளையத்தில் நான்கு, பின்வரும் எட்டிலும் இரண்டிரண்டு. அத்தனையும் கருவின் ஒரே செல்லிலிருந்து பிறந்தவை.

நம் நாட்டில் நூற்புழுக்களை வகைப்படுத்தும் கலை வேரூன்றிய இடம் அலிகர். அங்கிருந்து ஷமீம் ஜெய்ராஜ்புரியும் வாசிம் அகமதும் டோரிலைமிடா பற்றி எழுதிய பெருநூல் 1992இல் வந்தது. அத்தகைய நூலுக்கு அடிப்படை, ஒவ்வொரு புழுவையும் பொறுமையாகப் பார்த்து, அளந்து வரைந்த கை.

மண்ணில் எது எதைத் தின்கிறது என்பதை வாயும் குடலும் சேர்ந்தே சொல்லும். பாக்டீரியாவைத் தின்னும் புழு, தனக்கு மிஞ்சிய தழைச்சத்தை மண்ணில் விடுகிறது. பயிர் அதை எடுத்துக்கொள்கிறது. மானாவாரி வெள்ளாமையை நம்பிய ஊருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. அதனால்தான் உரக்கணக்கு படிக்கும் எங்கள் பிள்ளைகள் இந்தப் புழுக்களையும் வரைந்து பழக வேண்டும் என்கிறேன். புனலும் துணியும் மைக்ராஸ்கோப்பும் பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கும். மண் காட்டில் கிடக்கிறது.