மருத்துவரிடம் சொல்வதும் கேட்பதும்: வடசென்னை நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும்

விம்கோ நகர், திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் பகுதிகளில் மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் ஆலைப் பணியாளர்களும் அருகருகே வாழ்கின்றனர். தமிழோடு தெலுங்கு, உருது, இந்தி பேசுவோரும் உள்ளனர். சிகிச்சை அளிக்கும் மருத்துவர் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். நோயைக் குறிக்கும் சொற்களும், மருத்துவரிடம் எவ்வளவு பேசலாம் என்ற எண்ணமும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டால் சில நேரங்களில் சிகிச்சையே தவறிப்போகிறது.

ஒரு சொல், இரு பொருள்

“வாயு பிடித்திருக்கிறது” என்று நீங்கள் சொல்லும்போது, மருத்துவர் அதனைச் செரிமானக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். நீங்கள் உணர்ந்ததோ நெஞ்சில் ஏற்பட்ட இறுக்கமாக இருக்கலாம். ஆகவே, நோய்க்கு நீங்களே பெயரிடாமல், உணர்ந்ததை அப்படியே கூறுங்கள்: எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, நடந்தால் கூடுகிறதா, வியர்த்ததா. மார்பின் நடுவே அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, சோடா குடித்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டா. உடனே 108-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளோருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் தோன்றக்கூடும்.

தலையசைப்பும் இத்தகையதே. நம்மில் பலர் “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்பதற்காகத் தலையசைக்கிறோம். மருத்துவர் அதனைப் “புரிந்துவிட்டது” என்று கொள்கிறார்.

“மூன்று வேளை” என்றால் எப்போது?

மருந்துச் சீட்டில் “காலை, இரவு, உணவுக்குப் பின்” என்று எழுதப்படும். பகலில் வேலை செய்து இரவில் உறங்குவோருக்கு இது பொருந்தும். இரவுப் பணி முடித்துக் காலையில் உறங்கச் செல்லும் ஆலைப் பணியாளருக்கும், விடியற்காலையில் கடலுக்குச் செல்லும் மீனவருக்கும் “காலை” எது என்பதே கேள்விதான். காலை உணவு உண்ணாதவர் காலை மாத்திரையையும் விட்டுவிடுகிறார். மாதக்கணக்கில் இரத்த அழுத்தம் குறையாததற்கு இதுவே காரணமாக இருந்துவிடுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் உணவைத் தவறவிட்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். நோன்பு நோற்போருக்கும் இது பொருந்தும். உங்கள் பணி நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் முதலில் சொல்லி, எந்த மணிக்கு மருந்து எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். மருந்தின் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.

பணியிடத்தையும் குறிப்பிடுங்கள். எண்ணூரில் 2023 டிசம்பர் 26 அன்று இரவு அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களுக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டன. இருமல் என்று மட்டும் சொன்னால், நீங்கள் எதனைச் சுவாசிக்கிறீர்கள் என்பதை மருத்துவர் அறிய வழியில்லை.

தயக்கம்

மருத்துவரிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டோர் நம்மிடையே மிகுதி. இந்த மௌனத்தைச் சில மருத்துவர்கள் ஒப்புதலாகக் கருதிவிடுகின்றனர். 2019 முதல் இந்திய மருத்துவக் கல்விப் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தொடர்புத்திறன் ஆகியவை தனிப்பகுதியாக இடம்பெற்றுள்ளன. எனவே உங்கள் கேள்வி அவர்களுக்குப் புதிதன்று. புறநோயாளிப் பிரிவில் கூட்டம் மிகுதி என்பது உண்மையே. அதனால் மிக முக்கியமான இரு கேள்விகளை முன்கூட்டியே எழுதிச் செல்லுங்கள். விளக்கம் கேட்டபின் அதனை உங்கள் சொற்களில் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். நாட்டு மருந்தோ, கடையில் வாங்கிய வலி மாத்திரையோ எடுத்துவந்தால், திட்டுவார் என்று அஞ்சி மறைக்காதீர்கள். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிப்பவை.

முடிவு யாருடையது?

நம் குடும்பங்களில் நோயின் பெயர் முதலில் மகனிடமோ கணவரிடமோ சொல்லப்படுகிறது. புற்றுநோய் என்றால் நோயாளியிடம் மறைக்கப்படுவதும் உண்டு. அன்பினால் செய்வதே எனினும், தம் உடலைப் பற்றிய முடிவை நோயாளி இழக்கிறார். இது குறித்து உச்ச நீதிமன்றம் 2008 சனவரி 16 அன்று தெளிவான தீர்ப்பு வழங்கியது. பரிசோதனைக்காக மயக்கநிலையில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், அவருடைய தாயின் சம்மதத்தைப் பெற்று அகற்றப்பட்ட வழக்கு அது. உயிர் காக்கும் அவசரம் இல்லாத நிலையில், வயது வந்த, சுயநினைவு திரும்பும்வரை காத்திருக்கக்கூடிய ஒருவருக்குப் பதிலாகத் தாய் அளித்த சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள், மறுத்தால் என்னாகும் என்பன நோயாளிக்குப் போதிய அளவில் சொல்லப்பட வேண்டும். இந்திய நோயாளிகள் மருத்துவர் மீது வைக்கும் நம்பிக்கையையும் வறுமையையும் கருத்தில்கொண்டே, அமெரிக்க முறையிலான முழு விளக்கத்தை இங்கு அவ்வாறே கட்டாயமாக்க நீதிமன்றம் முன்வரவில்லை.

உடனிருப்போர் செய்யத்தக்கது: “எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்று நோயாளியையே கேட்பது. “எனக்குச் சொல்ல வேண்டா, மகளிடம் சொல்லுங்கள்” என்று அவர் கூறினால் அதுவும் அவருடைய முடிவே.

மொழி வேறுபட்டால்

பள்ளிச் சிறுவரை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டா. மாதவிடாய், மனநோய், குடிப்பழக்கம் போன்றவற்றைப் பிள்ளை முன்னால் எவரும் முழுமையாகச் சொல்வதில்லை. செவிலியர்களில் அம்மொழி அறிந்தவர் இருந்தால் உதவி கேளுங்கள்.

சிகிச்சை ஆவணங்களை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மருத்துவ ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைச் சேவை பற்றிய புகாருக்கும் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.