ஸ்லே தி பிரின்சஸ்

கனடாவின் பிளாக் டேபி கேம்ஸ் 2023 அக்டோபரில் வெளியிட்ட திகில் விஷுவல் நாவல். அபி ஹோவர்ட், டோனி ஹோவர்ட்-அரியாஸ் இணையரின் படைப்பு. இளவரசியை மீட்கும் பழங்கதை இதில் தலைகீழாகிறது. காட்டுக் குடிசையின் நிலவறையில் சங்கிலியால் கட்டுண்டிருப்பவளைக் கொல்லாவிட்டால் உலகம் அழியும் என்கிறான் கதைசொல்லி. மேலே மேசையில் கத்தி கிடக்கிறது. அதோடு இறங்கினால் அவள் பேச்சில் கடுமை. வெறுங்கையோடு போனால் குழைவு. செத்தாலும் ஆட்டம் ஓய்வதில்லை, மறுபடி அதே காட்டுப்பாதை. ஆனால் அவள் மாறியிருப்பாள்: அவளை எந்தக் கண்ணோடு பார்த்தோமோ, அந்த உருவாகவே. ஆட்டத்தின் உயிரே இந்த விதிதான். அபியின் பென்சில் ஓவியங்கள் அச்சத்தையும் பரிவையும் ஒரே முகத்தில் காட்டிவிடுகின்றன. இளவரசிக்கு நிக்கோல் குட்நைட்டும், கதைசொல்லிக்கும் ஆடுபவரின் பாத்திரத்துக்குள் ஒலிக்கும் மனக்குரல்களுக்கும் ஜோனதன் சிம்ஸும் குரல் தந்தனர். 2024இல் விரிவாக்கப் பதிப்பு வந்தது.