வீடா, சானடோரியமா? மெட்ராஸ் செய்த சோதனை

"டாக்டரே சொல்லிட்டார், அப்புறம் என்ன?" இது ஒரு கட்சி. "டாக்டருங்களுக்கு என்ன தெரியும்?" இது எதிர்க்கட்சி. இந்த ரெண்டிலும் சேராத ஒரு கதையை இன்னைக்குப் பார்ப்போம்.

1950கள். காசநோய்க்கு மருந்து வந்தாச்சு. ஆனாலும் படுக்கை ஓய்வு, சத்தான சாப்பாடு, நல்ல காற்று வேணும், அதுக்கு சானடோரியத்துல மாசக்கணக்கா தங்கணும் என்பதுதான் அன்றைய நிபுணர்களின் பொதுக் கருத்து. நான் இருக்கிற சேலம் அம்மாபேட்டை, நெசவாளர் பகுதி. தறி ஓடினாத்தான் அடுப்பு எரியும் வீட்டில், சம்பாதிக்கிற ஆள் ஒரு வருஷம் போய்ப் படுத்தால் என்ன ஆகும்? நாட்டில் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கைகளும் போதாது.

வீட்டிலேயே மருந்து கொடுத்தால்? 1956ல் மெட்ராஸில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இதைச் சோதித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தியது. முன்னின்றவர் வாலஸ் ஃபாக்ஸ்.

மொத்தம் 193 நோயாளிகள். ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்தது. நம்ம ஆபீஸ் ஏ/பி டெஸ்ட் மாதிரிதான். டாக்டரே பிரிச்சிருந்தா, தன்னை அறியாமலே தெம்பானவங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அப்புறம் வித்தியாசம் சிகிச்சையால வந்ததா, ஆளால வந்ததான்னு சொல்லவே முடியாது.

1959ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவங்க நல்லா சாப்பிட்டாங்க, ஓய்வெடுத்தாங்க, எடையும் கூடினாங்க. ஆனா நோய் அடங்கியதில், வீட்டில் இருந்தவங்களும் ஏறக்குறைய அதே நிலைதான். கூட இருக்கிற குழந்தைங்களுக்கு ஒட்டிக்குமே? குடும்பத்தாரையும் 5 வருஷம் கவனித்தார்கள். வீட்டு சிகிச்சையால் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

நிபுணர்களின் நம்பிக்கையைக் கவிழ்த்ததும் நிபுணர்கள்தான். தங்கள் கண்ணையே முழுசா நம்பாம, தாங்களே தோற்கக்கூடிய ஒரு சோதனையை அமைச்சாங்க. அதைத்தான் நான் ஆதாரம்னு சொல்வேன். பட்டம் வாங்கினவர் பேசினாலும் சரி, வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்தாலும் சரி, கேட்க ஒரே கேள்விதான்: "இது தப்பா இருந்தா, அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"